வெள்ளிக்கிழமை பத்து நிமிஷம்

குழம்பில் உப்பு இல்லையென்றால் என் வீட்டுக்காரர் சொல்ல மாட்டார். "உப்பு சரியா இருக்கா?" என்று நான் கேட்க வேண்டும். கேட்டால், "இல்ல" என்பார். "அப்ப ஏன் பேசாம சாப்பிடுதிய?" என்றால், "நீ கேக்கலையே" என்பார். கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில் இதற்காக நான் போட்ட சண்டைக்கு அளவே கிடையாது. அந்தச் சண்டையிலும் நான்தான் பேசுவேன்.

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் இருபத்தாறு வருஷமாக மெயின்டனன்ஸ் ஃபிட்டர். அங்கே முதலாளி முன்னால் நிற்பதற்கென்று எழுதி வைக்காத முறை ஒன்று உண்டு. கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். கேட்காததைச் சொன்னால் அதிகப்பிரசங்கி. முதலாளியும் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு முறை பெரிய மோட்டார் ஒன்று எரிந்துபோனது. தன் கவனக்குறைவால்தான் என்று ஒப்புக்கொண்ட எலெக்ட்ரீஷியனை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு மில்லில் எல்லோருக்கும் வாய் இன்னும் கொஞ்சம் சிறிதாகிவிட்டது.

நான் அதற்கு நேர் எதிர். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற யூனிட் வைத்திருக்கிறேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். பதினைந்து வருஷமாக லோடு வண்டியை நானேதான் ஓட்டுகிறேன். மதுரைக்கு நைட்டி பண்டல்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, கடைக்காரர்களிடம் வாயாடிவிட்டு, சாயங்காலம் திரும்பி வந்துவிடுவேன். எனக்கு வண்டி ஓட்டப் பிடிக்கும். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. பொம்பளைக்கு நகை ஆசை இருந்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. வேகமான கார் மேல் ஆசை என்றால் மட்டும் ஊரே நின்று விசாரிக்கிறது.

அந்த ஆசை வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பதினோரு வருஷத்துக்கு முன்னால், ராஜபாளையம் தாண்டி பண்டல்களோடு உருண்டுகொண்டிருந்தேன். பின்னால் ஒரு நீல நிற கார் வந்தது. ஹாரன் அடிக்கவில்லை, லைட் போட்டு மிரட்டவில்லை. ரோடு காலியாகும்வரை பொறுமையாக என் பின்னால் வந்து, பிறகு ஒரே மூச்சில் தாண்டிப் போனது. அந்தச் சத்தம் என் வயிற்றுக்குள் கேட்டது. ஜெர்மன் வண்டி, ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ என்று வீட்டுக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவருடைய முதலாளி புதிதாக வாங்கிய வண்டி என்பதும் கேட்டதால்தான் தெரிந்தது.

அதன் பிறகு அந்தக் காரை ரோட்டில் நான் அதிகம் பார்க்கவில்லை. முதலாளிக்கு வண்டி வாங்கிய மறு வருஷமே கண்ணில் கோளாறு. ஆபரேஷன் செய்தும் பார்வை முழுசாகத் திரும்பவில்லை. டிரைவரை ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார அவருக்கு மனசில்லை. அதனால் கார் அவர் வீட்டு போர்டிகோவில் நின்றது.

போன வருஷம் ஒரு நாள் சாப்பிடும்போது, பேச்சோடு பேச்சாக, "உங்க முதலாளி நீலக் கார் என்னாச்சு?" என்று கேட்டேன்.

"விக்கப் போறாவ."

"எப்ப?"

"ரெண்டு மாசமாச் சொல்லிட்டு இருக்காவ."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். பத்து வருஷ ஆசை அது. யூனிட்டில் மிச்சம் பிடித்ததெல்லாம் அதற்காகத்தான் என்று இந்த மனுஷருக்கும் தெரியும். எவனாவது வாங்கிக்கொண்டு போயிருந்தால்? "நீ கேக்கலையே" என்று சொல்வதற்குள் நான் எழுந்து போய்விட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் முதலாளி வீட்டுக்குப் போனோம். நல்ல உயரமான மனுஷர். எழுபது தாண்டியும் முதுகு வளையவில்லை. வீட்டுக்குள் தெலுங்கு, எங்களிடம் தமிழ். தன் ஃபிட்டர் மனைவியோடு வந்து தன் காரையே விலைக்குக் கேட்கிறானே என்ற நினைப்பு அவர் முகத்தில் துளியும் தெரியவில்லை. எங்களை உட்காரவைத்துக் காபி கொடுத்த பிறகுதான் காரைப் பற்றிப் பேச்செடுத்தார். அந்த ஒரு விஷயத்துக்கே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

கார் அப்போதுதான் ஷோரூமிலிருந்து வந்ததுபோல் இருந்தது. பதினோராயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. சீட்டில் உட்கார்ந்த அடையாளம் இல்லை. நான் கதவைத் திறந்து மூடிப் பார்த்தேன். மூடிய சத்தத்திலேயே விலை பேசாமல் சம்மதித்துவிடுவேன் போலிருந்தது. என் வீட்டுக்காரர் பானெட் மேல் புறங்கையை வைத்தார். எடுத்தார்.

"சூடா இருக்கு முதலாளி."

"நீங்க வாரீங்கன்னு டிரைவர ஸ்டார்ட் பண்ணி வைக்கச் சொன்னேன்."

விருந்தாளிக்குக் காபி சூடாக வைப்பதுபோல் வண்டியையும் சூடாக வைத்திருக்கிறார். ஆனால் சூடான எஞ்சின் தன் நோயை மறைக்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அதுவும் நான் கேட்டுத்தான். "நாளைக்குக் காலைல வாரோம் முதலாளி. அதுவரைக்கும் யாரும் தொடாம இருக்கட்டும்" என்றார். பிறகு பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து விரித்தார். இந்தப் பக்கத்துத் தறிகளில் ஓடுகிற பேண்டேஜ் துணிதான். நான்காக மடித்து, எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸ் வரைக்கும் வண்டிக்கு அடியில் பரத்தினார். மில்லில் எந்த மிஷின் எண்ணெய் விடுகிறது என்று கண்டுபிடிக்க அவர்கள் செய்கிற வேலை அது. ஒரு ராத்திரி போனால் துணியே சொல்லிவிடும்: கறுப்பென்றால் எஞ்சின் ஆயில், பச்சையென்றால் ரேடியேட்டர் தண்ணீர்.

மறுநாள் சர்ச்சில் ஞாயிறு ஆராதனை முடிந்து நேரே போனோம். துணியில் ஒரு கறுப்புப் பொட்டு, ஒரு பச்சைப் பொட்டு. அவ்வளவுதான். எனக்கு நிம்மதி. அவர் துணியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டயருக்குப் பக்கத்தில் குத்தவைத்தார். மேல்பக்கத்துப் பட்டன் தேயாமல் புதிதுபோல் இருந்தது. ஆனால் டயர் ஓரத்தில் அது செய்த வாரத்தையும் வருஷத்தையும் சொல்லும் நாலு எண்கள் இருக்கும். அதைப் படித்தார். வண்டியோடு வந்த டயர்கள். ரப்பரை நகத்தால் அழுத்திப் பார்த்தார், பள்ளமே விழவில்லை, கல்லாக இறுகிப்போயிருந்தது. பிறகு எஞ்சின் ஆயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றிக் கவிழ்த்தார். உள்பக்கம் பால் ஆடைபோல் வெளுப்பாகப் படிந்திருந்தது. ஆயில் ஸ்டிக்கை இழுத்து மோந்தார். எனக்கும் நீட்டினார். எண்ணெயில் பெட்ரோல் வாடை.

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தார் என்பதைவிட, கேட்டுக்கொண்டிருந்தார். "வண்டிக்கு ஒரு குறையும் வைக்கலம்மா" என்று என்னிடம் சொன்னார். "வெள்ளிக்கிழமை தவறாம நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சு, ஸ்டார்ட் பண்ணி, பத்து நிமிஷம் ஓடவிட்டு, பழத்து மேல ஏத்தி இறக்கி, அணைச்சிருவோம். ஒம்பது வருஷம். ஒரு வெள்ளிக்கிழமை விட்டதில்ல." அந்தக் குரலில் அவ்வளவு பெருமை.

எங்கள் ஊர் ஆடிப்பூரத் தேர்கூட வருஷத்துக்கு ஒரு நாள் வீதியைச் சுற்றி வரும், இது அதுவும் இல்லையே என்று எனக்குள் சிரித்துக்கொண்டு திரும்பினேன். என் வீட்டுக்காரர் முகம் செத்துக் கிடந்தது. கையிலிருந்த ஆயில் ஸ்டிக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கெட்ட செய்தி இருந்தால் அவர் இப்படித்தான் துடைப்பார்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரு சுத்து போய்ட்டு வாங்க" என்று முதலாளி சாவியை என் கையில் கொடுத்தார். என் வீட்டுக்காரர் கையில் இல்லை, என் கையில்.

மம்சாபுரம் வழியாகச் செண்பகத்தோப்பு ரோட்டில் போனேன். அந்த முக்கால் மணி நேரத்தைப் பற்றி எழுதச் சொன்னால் இன்றைக்கு முழுவதும் எழுதுவேன். ஆட்கள் இருக்கிற இடத்தில் அது பூனை மாதிரி நடந்தது. காலியான இடத்தில் காலை லேசாக அழுத்தினேன், முதுகை யாரோ பிடித்துத் தள்ளினார்கள். வளைவில் லோடு வண்டி என்றால் உடம்பெல்லாம் சாயும். இது ரோட்டைப் பிடித்துக்கொண்டு போனது. பத்து வருஷம் வெறும் ஆசையாக இருந்தது அன்றைக்குக் கைக்குள் வந்துவிட்டது. ஃபாரஸ்ட் செக்போஸ்டுக்கு முன்னால் திருப்பி ஓரங்கட்டினேன். எனக்குக் கண் கலங்கியிருந்தது.

அவர் இறங்கிப் பானெட்டைத் திறந்தார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார். மில்லில் பேரிங் சத்தத்தை இப்படித்தான் கேட்பார்கள். மேலே, பக்கத்தில், கீழே என்று ஒவ்வொரு இடமாக வைத்தார். கீழே வைத்த இடத்தில் ரொம்ப நேரம் நின்றார்.

"என்ன?" என்றேன்.

"கீழ சத்தம் இருக்கு. கிராங்க் பேரிங்."

"பெருசா?"

"இப்ப இல்ல. இப்படியே ஓட்டினா பெருசாயிரும். எஞ்சினே போயிரும்."

"புது வண்டி மாதிரி வச்சிருக்காரு, எப்படி?"

ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்தார். "நான் சொல்லித்தான்."

பிறகு ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு நான் வாங்கிய கதை இது. கண் ஆபரேஷன் முடிந்து மில்லுக்கு வந்த முதலாளி, ஒரு வெள்ளிக்கிழமை ஜெனரேட்டர் ரூம் வாசலில் நின்று, "ஓடாம நிக்கிற மிஷின எப்படிப்பா பாத்துக்கிடணும்?" என்று இவரிடம் கேட்டிருக்கிறார். மில் ஜெனரேட்டர் வெள்ளிக்கிழமைதோறும் பத்து நிமிஷம் ஓடும். "வாரம் ஒருக்கா பத்து நிமிஷம் ஓட்டிரணும் முதலாளி" என்று இவர் சொல்லியிருக்கிறார். சும்மா ஓட்டாமல் லோடு கொடுத்து, அதாவது கரண்ட் எடுத்து வேலை வாங்கித்தான், ஓட்ட வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. முதலாளி அதைக் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் அவர் வீட்டில் மோட்டார் பார்க்கப் போனபோது, எலுமிச்சம்பழத்து மேல் கார் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருப்பதை இவர் பார்த்திருக்கிறார். சூடேறுமுன்பே அணைத்தால் எரியாத பெட்ரோல் எண்ணெயில் இறங்கும், ஈரம் உள்ளேயே தங்கும், எண்ணெய் நீர்த்துப் பேரிங்கைத் தின்னும். எல்லாம் தெரியும். அப்போதும் சொல்லவில்லை. அப்போதும் யாரும் கேட்கவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. ஆனால் ஆத்திரத்துக்கு அடியில் ஒரு புத்தி வேலை செய்தது. அதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. "அவருகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க" என்றேன். "வண்டிய எடுத்துட்டுப் போயி நாமளே சரி பண்ணிக்கிடுவோம். அந்த மனுஷன் மனசு எதுக்கு நோகணும்? ரிட்டயர் ஆக நாலு வருஷம் இருக்கு. அந்த எலெக்ட்ரீஷியன மறந்துட்டியளா?" எல்லாம் அவர் நன்மைக்குச் சொல்வதுபோல்தான் சொன்னேன். கார் கைவிட்டுப் போய்விடக் கூடாது என்பதுதான் உள்ளே இருந்தது. அவர் பானெட்டை மூடினார். வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தேன்.

போர்டிகோவில் முதலாளி எழுந்து நின்றார். "எப்படிப்பா வண்டி?"

"நல்ல வண்டி முதலாளி."

பொய் இல்லை. கேட்டதற்குப் பதில். அத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்து முன்பணக் கவரை எடுக்க என் பைக்குள் கையை விட்டேன்.

"முதலாளி, நீங்க கேக்கல" என்றார் என் வீட்டுக்காரர். "இருந்தாலும் சொல்லுதேன்."

பைக்குள் விட்ட கை அப்படியே நின்றது. இருபத்து நாலு வருஷத்தில் நான் கேட்காத ஒரு வாக்கியம். அவர் சட்டைப் பையிலிருந்து துணியை எடுத்து விரித்தார். கறுப்புப் பொட்டிலிருந்து ஆரம்பித்து, டயர், மூடி, பெட்ரோல் வாடை, பேரிங் சத்தம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். குரல் தடுமாறவில்லை. கடைசியில், "ஓடிக் கெடல முதலாளி, ஓடாமக் கெட்டிருக்கு. ஜெனரேட்டருக்கு லோடு மாதிரி வண்டிக்கு ரோடு வேணும். அன்னைக்கு நான் பாதிதான் சொன்னேன். பொறவு பாத்தப்பயும் சொல்லல. தப்பு என்னோடது" என்றார்.

முதலாளி காரைத் தொட்டுக்கொண்டு நின்றார். ஒன்பது வருஷ வெள்ளிக்கிழமைகள். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. நான் அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாத்தப்பவே ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல முதலாளி."

நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளே கூப்பிடுவார், நாளையிலிருந்து வராதே என்பார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பினார். "இவர வச்சுக்கிட்டு நீ எப்படிம்மா குடும்பம் நடத்துத?"

"கேட்டுக் கேட்டுத்தான்யா" என்றேன்.

முதலில் அவர் தோள் குலுங்கியது. பிறகுதான் சிரிப்பு என்று தெரிந்தது. "சரே" என்றார் தெலுங்கில். "இப்ப விக்கல. கெட்ட வண்டிய உனக்கு விக்க மாட்டேன். இவர் சரி பண்ணட்டும், பொறவு பேசுவோம்."

திங்கட்கிழமை மில்லில் என்ன நடக்குமோ என்று எனக்குத் தையல் ஓடவில்லை. நடந்தது இதுதான். முதலாளி ஜெனரேட்டர் ரூமுக்கு வந்து, ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "நான் கேக்காம விட்டது வேற என்னெல்லாம் இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். என் வீட்டுக்காரர் ஒரு மணி நேரம் பேசினாராம். எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆனாலும், எழுபது வயதுக்கு மேல் தன் கேள்வி போதாது என்று ஒப்புக்கொண்டு ஸ்டூலில் உட்கார எத்தனை பேரால் முடியும்? எனக்குத் தெரிந்த பெரிய மனுஷர்களில் அவர்தான் பெரியவர்.

பிறகு நாலு மாசம், ஞாயிறு மத்தியானமெல்லாம் மதுரை ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் போனது. ஆயில் சேம்பரை இறக்கிப் பேரிங்கைக் கழற்றியபோது என் வீட்டுக்காரர் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் செம்பு நிறம் தெரிந்தது. "இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிருந்தா முடிஞ்சிருக்கும்" என்றார். சும்மா இருந்த கையைக் கூப்பி நான் கும்பிட்டேன், அவருக்கா பேரிங்குக்கா என்று தெரியவில்லை. புதுப் பேரிங், புது ரப்பர் ஹோஸ்கள், புது டயர். செலவு யாருடையது என்று அவரும் முதலாளியும் மல்லுக்கட்டினார்கள். முதலாளி ஜெயித்தார், செலவு முழுக்க அவர் கணக்கில்.

பிறகு எனக்கு விற்றார். ஒரே ஒரு நிபந்தனை. வெள்ளிக்கிழமைதோறும் வண்டி செண்பகத்தோப்பு வரை போய் வர வேண்டும், அவரும் வருவார்.

முதல் வெள்ளிக்கிழமை அவரே நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. ஆனால் எலுமிச்சம்பழத்தோடு எனக்கு என்ன சண்டை? ஏற்றி நசுக்கிவிட்டுக் கிளம்பினேன். முதலாளி முன் சீட்டில், என் வீட்டுக்காரர் பின்னால். வெளியே எதுவும் முதலாளிக்குச் சரியாகத் தெரியாது. காதால்தான் வந்தார். மம்சாபுரம் தாண்டி ரோடு காலியானதும், "இப்ப" என்றார். அழுத்தினேன். அந்தப் பழைய சத்தம் எழுந்தது. முதலாளி டேஷ்போர்டில் வைத்த கையைச் செக்போஸ்ட் வரை எடுக்கவில்லை.

அவரை வீட்டில் இறக்கிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பினோம். என் வீட்டுக்காரர் இப்போது முன் சீட்டில். அவரைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். வேலையும் போகலாம், பெண்டாட்டி ஆசையும் போகலாம் என்று தெரிந்தே வாயைத் திறந்த மனுஷர். இவரைக் கட்டியதற்கு நான் கொடுத்துவைத்தவள் என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை.

ஊருக்குள் நுழையும்போது அவர் தொண்டையைச் செருமினார்.

"நல்லா ஓட்டுத" என்றார். "இந்த வண்டின்னு இல்ல. லோடு வண்டியிலயே பதினஞ்சு வருஷமா நல்லாத்தான் ஓட்டுத."

நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.